வரச் சொன்ன நேரமும் கூப்பிட்ட நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடத்துக்கு மேலாக உங்கள் நாளிதழைப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது எங்கள் வீட்டு வாஷிங் மெஷின்.

மெஷின் தண்ணீரை இழுத்தது, துணியைச் சுற்றியது, ஆனால் தண்ணீரை வெளியே விட மாட்டேன் என்றது. புகார் பதிந்து 11 நாள் ஆயிற்று. மெக்கானிக் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். முதல் தடவை "வீடு பூட்டியிருக்கே மேடம்" என்று போன் செய்தார். இரண்டாவது தடவை குறுஞ்செய்தி மட்டும் வந்தது. மூன்றாவது தடவை கம்பெனிக்காரர்கள் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று எழுதிப் புகாரையே முடித்துவிட்டார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் வீட்டில் இல்லைதான். 27-ஆம் எண் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, 16-ஐக் கூப்பிடுவதைக் கேட்டபடி ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர்களைக் குறை சொல்லவோ மெக்கானிக்கைத் திட்டவோ இதை எழுதவில்லை. "10.30 மணிக்கு வாங்க" என்று ஒருவர் சொல்லும்போது அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் அனுபவத்தில் அதற்கு, "10.30-லிருந்து எங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அதுவரை இங்கே இருங்கள்" என்று பொருள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் டிரங்க் கால் (வெளியூர் அழைப்பு) ஆபரேட்டர், பிறகு எத்தனை அழைப்புக்கு எத்தனை லைன் வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் பிரிவு. என் கணவருக்கு 14 வருடமாகச் சர்க்கரை. இப்போது சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர். கடைசியாக, கால் எரிச்சலுக்கு நரம்பு டாக்டரும் சேர்ந்துகொண்டார். மகன் வெளிநாட்டில். ஆகவே அழைத்துப் போவது, ஃபைல் தூக்குவது, பில் கட்டுவது, மருந்து வாங்குவது, வீட்டுக் குழாய் ஒழுகினால் ஆள் தேடுவது எல்லாம் என் இலாகா.

போன மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். அன்று ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு 10.30-க்கு டாக்டர், 2 மணிக்கு வங்கியில் ஒரு கையெழுத்து, 4 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் வடிகட்டிக்கு ஃபில்டர் மாற்றும் பையன். முந்தைய இரவு 9 மணிக்கே இவரைச் சாப்பிட வைத்துவிட்டேன். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க, தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகாமல் குறைந்தது 8 மணி நேரம் இருக்க வேண்டும். காலை 6.45-க்கு லேபில் நின்றோம். கதவு திறந்தது 7.30-க்கு. திறந்ததும் உள்ளே போனால், "ஆன்லைன்ல பதிஞ்சவங்க முதல்ல" என்றது கவுன்ட்டரில் இருந்த பெண்.

நாங்களும் ஆன்லைனில்தான் பதிந்திருந்தோம். ஆனால் அந்த ஆப் மகனுடைய நம்பரில் இருக்கிறது. ஓ.டி.பி. அவனுக்குத்தான் போகும். அவனுக்கு அப்போது நடுராத்திரி. மூன்று நிமிடத்துக்குள் எண்ணைச் சொல்லாவிட்டால் அது செத்துவிடும். அம்மா இரண்டு தடவை போன் செய்ததும் அவன் பதறி எழுந்து, "என்னம்மா, அப்பாவுக்கு என்ன?" என்றான். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடா, ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லு" என்றேன். இந்த வசதிக்கு எவ்வளவு பேர் நன்றி சொல்கிறார்களோ தெரியாது. அன்று என் மகன் சொல்லவில்லை.

ரத்தம் எடுக்க 8.50 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 12 மணி நேரப் பட்டினி. அதற்குள் இவருடைய நெற்றி வியர்த்தது. ஏ.சி. ஓடுகிற கூடத்தில் வியர்த்தால் எனக்குப் புரிந்துவிடும். கையைப் பிடித்தேன், சில்லென்று லேசாக நடுங்கியது. கேட்ட கேள்விக்குப் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. பையில் எப்போதும் இருக்கும் குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்தினேன்: 62. எழுபதுக்குக் கீழே போனால் குறைவு. காத்திருக்கக் கூடாது. குளுக்கோஸ் 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். 62 என்று சொன்னதும் அந்தப் பெண்ணே வெளிறிப்போய் ஒரு நிமிடத்தில் ஊசியைக் குத்தி ரத்தத்தை எடுத்துவிட்டாள். குளுக்கோஸ் உள்ளே போயிற்று. 15 நிமிடத்தில் 94. நல்ல பெண். அந்த ஒரு நிமிடம் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவளிடம் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது.

இதில் இன்னொன்று. அன்று எழுதியிருந்த மூன்று பரிசோதனையில் ஒன்று ஹெச்.பி.ஏ.ஒன்.சி. அதற்குப் பட்டினியே தேவையில்லை. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பார்த்துக் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்வது அந்தப் பரிசோதனை. காலையில் ஒரு வேளை சாப்பிட்டால் அந்தச் சராசரி மாறிவிடாது. இது தெரியாத நாளில் அதற்கு மட்டும் இரண்டு தடவை இவரைப் பட்டினி போட்டு அழைத்துப் போயிருக்கிறேன். சீட்டில் பரிசோதனைப் பெயருக்கு எதிரே "வெறும் வயிறு" அல்லது "சாப்பிடலாம்" என்று ஒரு வார்த்தை அச்சடித்தால் போதும். அதை யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்த மூன்று வருடத்தில், ஒரு தடவைகூட யாரும் சொன்னதில்லை.

10.10-க்கு டாக்டர் கூடத்துக்கு ஓடினோம். ஓடினோம் என்பது எழுத்துக்காக இல்லை, லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறி வந்த மனிதரை நிற்க வைத்தே எடை பார்த்தார்கள். உட்கார்ந்த அடுத்த நொடி, முழுக்கைச் சட்டையின் மேலேயே ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார்கள். பட்டை இறுகும்போதே, "ராத்திரி தூக்கம் நல்லா இருக்கா அய்யா? மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேள்விகள். இவர் மரியாதைக்காரர், ஒவ்வொன்றுக்கும் நீட்டிப் பதில் சொன்னார். 156/94 என்று எழுதினார்கள்.

அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் இரண்டும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், காலின் மேல் கால் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. பட்டை வெறும் கையில், கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பார்க்கும்போது பேச்சு கூடாது. இது ஏதோ எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை, வீட்டில் வைத்திருக்கும் மெஷினின் பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறான். நான் அந்த முறைப்படி காலையும் மாலையும் எடுத்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அந்த வாரத்து எண்கள் 126-லிருந்து 134-க்குள். டாக்டர் சீட்டில் 156-ஐப் பார்த்ததும் பேனாவை எடுத்தார். நான் நோட்டை நீட்டினேன். ஒரு நிமிடம் பக்கங்களைப் புரட்டினார். "இதுதான் நிஜம்" என்று சொல்லி, மாத்திரையை ஏற்றாமல் அப்படியே விட்டார். அந்த டாக்டருக்காக நான் இன்னும் மூன்று மணி நேரம்கூடக் காத்திருப்பேன். ஆனால் நோட்டு வைத்திருக்காதவர் அன்று ஒரு மாத்திரை அதிகமாக வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

உள்ளே போன நேரத்தைச் சொல்லவில்லையே. மணி 1.05. பார்த்தது ஏழு நிமிடம். போதுமான ஏழு நிமிடம்தான், அதில் எனக்குக் குறை இல்லை.

இந்த இரண்டரை மணி நேரத்தில் என்ன செய்தேன் என்று கேட்டால், பெரும்பாலும் பாத்ரூம் போகலாமா வேண்டாமா என்று யோசித்தேன். போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் "ஆள் இல்லை" என்று அடுத்தவரை அனுப்பிவிடுவார்கள். பக்கத்து நாற்காலி அம்மா, "நீ போயிட்டு வா, உங்க பேரக் கூப்பிட்டா நான் நிறுத்தி வைக்கிறேன்" என்றார். திரும்பி வந்ததும் அவர் போனார், நான் காவல். இருவரும் ஒருவருக்கொருவர் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. நோயும் டோக்கன் எண்ணும் போதுமானதாக இருந்தது.

வங்கிக்கு 2 மணிக்குப் போய்விட்டோம். ஆனால் டாக்டர், "வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரை பார்க்கணும், இன்னைக்கே பார்த்துடுங்க, கீழதான் இருக்கு" என்று அனுப்பியிருந்தார். நல்ல யோசனைதான். நானும் ஒரு நடை மிச்சம் என்று அழைத்துப் போனேன். சொட்டு மருந்து விட்டு, கண்பாவை விரிந்ததும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். விரிந்த பாவை சுருங்கப் பல மணி நேரம் ஆகும், அதுவரை பக்கத்து எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும் என்று சொட்டு விடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வங்கியை முதலில் முடித்திருப்பேன். வங்கிக் கவுன்ட்டரில் இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நான் விரலை வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து மேலே ஏறி, பெட்டியைத் தாண்டி, அச்சடித்த வரியின் மேல் போய் உட்கார்ந்தது. அலுவலர் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "ஒத்துப்போகலையே சார்" என்றார். நாற்பது வருடமாகப் போடும் கையெழுத்து. இவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடியும் ஒரு நாள் வர வேண்டும்.

ஃபில்டர் பையன் 3.40-க்கே வந்து போய்விட்டான். அவனுக்கும் வேறு வீடு இருக்கிறது அல்லவா?

இனி என் பழைய தொழிலைக் கொஞ்சம் பேச விடுங்கள். டிரங்க் கால் பதிந்துதான் பேச வேண்டும் என்றிருந்த காலத்தில் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, "டிலே எவ்வளவும்மா?" நாங்கள் பலகையைப் பார்த்து, "ஒரு மணி நேரம்" என்றோ, "லைன் கோளாறு, மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும்" என்றோ சொல்வோம். அவர் திட்டுவார். திட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். திட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் டிலே சொல்லாமல் யாரையும் போன் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். செல்போன் இல்லாத நாளில் எங்களால் சொல்ல முடிந்தது. இன்றைக்கு, ஒவ்வொரு நோயாளியின் நம்பரையும் வாங்கி, நல்வாழ்த்துச் செய்தி முதல் முழு உடல் பரிசோதனைச் சலுகை வரை அனுப்புகிற இடத்தால், "டாக்டர் இன்று ஒரு மணி நேரம் தாமதம்" என்று ஒரு வரி அனுப்ப முடியவில்லையாம்.

கணக்குப் பிரிவுக்கு மாறியபோது எர்லாங் என்பவரின் பெயரைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார்கள். டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணிதக்காரர். எத்தனை பேர் ஒரே சமயத்தில் பேச வருவார்கள், எத்தனை லைன் இருந்தால் காத்திருப்பு தாங்கும் என்று 1909-லேயே எழுத ஆரம்பித்தவர். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்கப் பிஸியாக இருந்தால் ஒரு எர்லாங் என்று இன்றும் அவர் பெயரால்தான் அளக்கிறார்கள். அவருடைய கணக்கில் வீட்டுப் பெண்கள்கூடப் புரிந்துகொள்ளக் கூடிய (வீட்டுப் பெண்கள்தான் முதலில் புரிந்துகொள்வார்கள்) ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே கவுன்ட்டர், ஆளுக்குச் சராசரி 6 நிமிடம், ஆனால் ஒருவருக்கு 2 நிமிடம் இன்னொருவருக்கு 15 நிமிடம் என்று முன்பின் ஆகும், ஆட்களும் முன்பின்னாக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கவுன்ட்டர் நாளில் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் வருபவர் சராசரியாக 24 நிமிடம் நிற்பார். 90 சதவீதம் என்றால் 54 நிமிடம். 95 சதவீதம் என்றால் 114 நிமிடம். அதாவது கடைசியாகத் திணித்த நாலைந்து பேரால்தான் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் கூடுகிறது. "இன்னும் ரெண்டு பேர்தானே, சேர்த்துக்கோ" என்று சொல்பவருக்கு இது தெரிவதில்லை.

டெலிபோன் கணக்கு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். 1952-லேயே பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வெல்ச், பெய்லி என்ற இருவர், புறநோயாளிகள் பிரிவுக்கு நேரம் கொடுப்பது பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்கள் சொன்ன வழி ரொம்பச் சுலபம். தொடங்கும்போது இரண்டு பேரை வரச் சொல்லுங்கள், அப்போதுதான் ஒருவர் வராவிட்டாலும் டாக்டர் சும்மா உட்கார மாட்டார். பிறகு ஒருவரைப் பார்க்கச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறதோ அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள். டாக்டரும் நேரத்துக்கு வர வேண்டும். அவ்வளவுதான். எழுபது வருடம் கழித்து எங்கள் ஆஸ்பத்திரி கண்டுபிடித்திருப்பது, முப்பது பேருக்கும் 10.30 என்று அச்சடிப்பது.

அவசர நோயாளி வந்தால் என்ன செய்வது என்று பதில் வரும். வரட்டும், அவர்தான் முதலில் போக வேண்டும். போன வருடம் அப்படி நடுவில் உள்ளே தள்ளிக்கொண்டு போன ஸ்ட்ரெச்சரில் இருந்தது என் கணவர். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மூடிய கதவைப் பார்த்துப் பொறுப்பதுதான் கஷ்டம்.

தவிர, எல்லாத் தாமதமும் ஒரே தாமதம் இல்லை. தனியாக வந்த ஒருவர் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் இரண்டு மணி நேரம் போயிற்று. கூட வந்தவர் காத்திருந்தால் அந்த வீட்டில் அன்று நடக்க வேண்டியது எதுவும் நடக்காது. பார்சல் திரும்பிப் போகும். கரண்ட் பில்லுக்குக் கடைசி நாள் தாண்டும். எங்கள் வீட்டுச் சாவி எதிர்வீட்டுத் தம்பியிடம் இருக்கும் நாள், அவர் வீட்டுச் சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கும் நாளைவிட அதிகம் என்று அவர் மனைவியே கேலி செய்கிறார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் நோயாளியின் பெயர், வயது, எடை, உயரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. கூட வந்தவருக்கு ஒரு கட்டம், "தொடர்பு எண்". நாங்கள் ஒரு எண்.

எனக்கும் தைராய்டு இருக்கிறது. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும், கால்சியம் மாத்திரையை அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறேன். ஆனால் மறுபரிசோதனைச் சீட்டு எட்டு மாதமாக ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தோடு தொங்குகிறது. இவருக்கான நடைகளுக்கு நடுவில் எனக்கென்று ஒரு காலையை எங்கே சொருகுவது?

ஆஸ்பத்திரி மட்டும்தான் மாற வேண்டும் என்று சொல்லவில்லை. நானும் பட்டுத்தான் சிலதைக் கற்றேன். உங்கள் வாசகர்களில் என் நிலையில் இருப்பவர்கள் நிச்சயம் உண்டு, அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஈ.சி.ஜி. தாளை லேமினேட் செய்யாதீர்கள். நான் செய்தேன். அது பெரும்பாலும் சூட்டில் எழுத்து தோன்றும் தாள். இயந்திரத்துக்குள் போன இவருடைய இதயத் துடிப்பு, மறுபக்கம் கன்னங்கரேலென்று ஒரு பலகையாக வந்தது. கடைப் பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, தேதி எழுதி ஃபைலில் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டாலும் கொஞ்ச காலத்தில் அது தானாகவே வெளுத்துவிடும்.

மருந்துச் சீட்டிலும் அப்படித்தான். கம்பெனிப் பெயரை மட்டும் பார்க்காமல் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை நோட்டில் எழுதி வையுங்கள். இதய டாக்டர் ஒரு பெயரில், நரம்பு டாக்டர் இன்னொரு பெயரில் மாத்திரை எழுதியிருந்தார்கள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டுமே பான்டோபிரசோல், வயிற்றில் அமிலத்தைக் குறைப்பது. மூன்று வாரமாக இரண்டையும் போட்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரர்தான், "அம்மா, ஒண்ணு போதும், டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க" என்றார். நரம்பு டாக்டரும் கேட்டதும் ஒன்றை நிறுத்தச் சொல்லிவிட்டார். நான்கு டாக்டரும் நான்கு தீவில் இருக்கிறார்கள், நடுவில் ஓடும் படகு நான்தான் என்பது அன்றுதான் உறைத்தது.

இன்சுலின் வாங்க வேண்டிய நாளில் அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். திறக்காத இன்சுலின் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். முதலில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வங்கி, தையல்காரர் என்று வெயிலில் சுற்றக் கூடாது. வீட்டிலும் ஃப்ரீசரை ஒட்டி வைக்கக் கூடாது, உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இன்னொன்று, இது என் தொழில் புத்தி. காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்ததும் அடுத்தடுத்து ஐந்து பேரைக் கூப்பிடும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்வேன். ஒருவருக்குச் சராசரி 7 நிமிடம், நமக்கு முன்னால் 14 பேர் என்றால் 98 நிமிடம். பாத்ரூம் போகலாம், மருந்துக்கடை வரிசையில் நிற்கலாம், எதிரே இருக்கும் பூங்காவில் இவரை மெதுவாக நடக்க வைக்கலாம். பக்கத்தில் இருப்பவர்களும் இப்போது, "அக்கா, எங்களுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடியும் டிலே சொல்லும் வேலையில் சேர்ந்துவிட்டேன், சம்பளம்தான் இல்லை. ஓய்வு பெற்ற ஒருத்தி கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் சொல்லக் கூடியதை, அத்தனை கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வரவேற்பு மேஜை சொல்லக் கூடாதா? அந்த மேஜையில் இருக்கும் பிள்ளைகள் பாவம், அவர்களிடம் கேட்டால் "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார், இதோ வந்துடுவார்" என்று சொல்லத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் ஒரு நாள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

வாஷிங் மெஷின் கதையை முடிக்காமல் விட்டால் வாசகர்கள் கோபிப்பார்கள். புதிதாகப் புகார் பதிந்தேன். நேற்று, "10 மணியிலிருந்து 5 மணிக்குள்" என்றார்கள். ஆஸ்பத்திரி இல்லாத நாள், வாசலைவிட்டு நகரவில்லை. மெக்கானிக் 4.30-க்கு வந்தார். என்ன கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து வரிசையாக வைத்திருந்தேன். அவர் பையை இறக்கியதும் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, மெஷினின் அடியில் இருக்கும் சிறு மூடியைத் திருகித் திறந்தார். கறுப்புத் தண்ணீர் ஒரு வாளி வந்தது. வடிகட்டியை உருவி உள்ளங்கையில் தட்டினார். ஒரு ஹேர்பின், ஒரு சட்டைப் பட்டன், பஞ்சு போல ஊறிய ஒரு துண்டுச் சீட்டு. பத்து நிமிட வேலை.

"இதுக்கா தம்பி இத்தனை நாள்?" என்றேன்.

"காலையிலயே வந்திருப்பேம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். எல்லா வீடும் தள்ளிப்போச்சு. உங்களுக்கு முன்னாடி நாலு வீட்டுல திட்டு வாங்கிட்டுத்தான் வரேன்."

"எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

"ஒன்பதுக்கு."

"டோக்கன்?"

"34."

"எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க?"

"ஒன்றே கால்."

வாளியைத் தூக்கிக்கொண்டே மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். 255 நிமிடம், முன்னால் 33 பேர், ஆளுக்குக் கிட்டத்தட்ட ஏழே முக்கால் நிமிடம். டோக்கன் கொடுக்கும்போதே 34-ஆம் ஆளுக்கு, அரை மணி முன்னதாக வைத்துக்கொண்டால்கூட, 12.45 என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் அந்த நாலு வீட்டையும் முடித்துவிட்டு, எங்கள் வீட்டுக்கும் 11.30-க்கு வந்துவிட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர், தற்போது "தொடர்பு எண்"